அறுபதுக்குப் பிறகு வருமானம்: நிரந்தரச் சம்பளம் இல்லாதவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

கையில் கொஞ்சம் பணம் சேர்ந்ததும் வருகிற முதல் கேள்வி "எதில் போடலாம்?" என்பதுதான். மதுரையில் விளக்குத்தூண் ஜவுளிக்கடை விற்பனையாளர், செல்லூர் தறிக்காரர், கப்பலூர் ஆலைத் தொழிலாளி, சிம்மக்கல்லில் சொந்தக் கடை வைத்திருப்பவர் என்று யாருடன் உட்கார்ந்தாலும் பேச்சு அங்கிருந்தே தொடங்குகிறது. இந்த வழிகாட்டியில் அதற்கு ஏழாவது படியில்தான் விடை வருகிறது. முதல் ஆறு படிகளை முடிக்காமல் போடும் பணம் பெரும்பாலும் தங்குவதில்லை. ஒரு மருத்துவமனைச் செலவோ, ஒரு காதுகுத்தோ, மூழ்கப்போகும் ஓர் அடகு நகையோ அதைப் பாதியில் வெளியே இழுத்துவிடுகிறது.

அரசு ஊழியர்களின் ஓய்வூதியக் கணக்கு வேறு. அதை இங்கே தொடவில்லை. 40 வயதுக்கும் 55 வயதுக்கும் இடையில் இருக்கும் தனியார் ஊழியர், சிறு வணிகர், கூலித் தொழிலாளர் ஆகியோரை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன்.

தொடங்கும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

ஆதார், பான் அட்டை, வீட்டில் உள்ள எல்லா வங்கிப் புத்தகங்கள், இதுவரை வேலை பார்த்த எல்லா இடங்களின் சம்பளச் சீட்டு அல்லது பி.எஃப். (தொழிலாளர் வருங்கால வைப்பு நிதி) எண், ஆயுள் காப்பீட்டுப் பத்திரங்கள், நகை அடகுச் சீட்டுகள், வீட்டுப் பத்திரத்தின் நகல், பட்டா, மொய் நோட்டு. இவற்றோடு ஒரு புது நோட்டுப் புத்தகம்.

கணவனும் மனைவியும் சேர்ந்து உட்காராமல் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். கடன் எவ்வளவு என்பது ஒருவருக்குத்தான் தெரியும்; அரிசி, பருப்பு, பள்ளிக்கட்டணம் எவ்வளவு என்பது மற்றவருக்குத்தான் தெரியும். தனியாகப் போட்ட கணக்கு ஒவ்வொரு முறையும் குறைவாகவே வருகிறது.

1. பெயரும் பிறந்த தேதியும் எல்லாத் தாள்களிலும் ஒன்றாக இருக்கட்டும்

இதை முதல் படியாக வைத்ததைப் பலர் வியப்பாகப் பார்ப்பார்கள். ஆனால் 58 வயதில் ஓய்வூதியம் கேட்டுப் போகிறவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இதுதான்.

நம் ஊரில் குடும்பப் பெயர் கிடையாது, தலைப்பெழுத்துதான். ஆதாரில் தலைப்பெழுத்தோடு இருக்கும் பெயர், பான் அட்டையில் தந்தையின் முழுப்பெயரோடு இருக்கும், பி.எஃப். கணக்கில் வெறும் பெயராக இருக்கும். பெண்களுக்குத் திருமணத்துக்கு முன் தந்தையின் எழுத்து, பின்னர் கணவரின் எழுத்து. கணினிக்கு இவை வெவ்வேறு ஆட்கள்.

திருத்தும் வரிசை முக்கியம். பள்ளி மாற்றுச் சான்றிதழ் போன்ற உறுதியான ஆவணத்தைக் கையில் வைத்துக்கொண்டு முதலில் ஆதாரைச் சரிசெய்யுங்கள். பிறகு பான், அதன்பின் வங்கி, கடைசியாக பி.எஃப். மற்ற எல்லாமே ஆதாரோடுதான் ஒப்பிடப்படுகின்றன. ஆதாரைக் கடைசியில் திருத்தினால் முன்பு செய்த எல்லா வேலையும் வீணாகும். ஆதாரில் பிறந்த தேதியைப் பொதுவாக ஒரு முறைதான் மாற்ற முடியும் என்பதால் சான்று இல்லாமல் அவசரப்பட வேண்டாம்.

பி.எஃப். கணக்கில் செய்யும் பல திருத்தங்களுக்கு வேலை பார்த்த நிறுவனத்தின் ஒப்புதல் தேவைப்படும். நிறுவனம் மூடப்பட்டுவிட்டால் இழுபறிதான். நிறுவனம் நடந்துகொண்டிருக்கும்போதே, நீங்கள் வேலையில் இருக்கும்போதே இதை முடித்துவிட வேண்டும் என்று வற்புறுத்துவதற்கு அதுவே காரணம்.

அதே நாளில் நாமினி பெயரையும் பாருங்கள். பி.எஃப். விதிப்படி திருமணத்துக்கு முன் செய்த நாமினி நியமனம் திருமணத்தோடு செல்லாததாகிவிடுகிறது. புதிதாகச் செய்ய வேண்டும். இருபது வருடமாக இதைத் தொடாதவர்கள் நிறைய. வங்கிக் கணக்குகளில் 2025 நவம்பர் 1 முதல் நான்கு பேர் வரை நாமினியாகச் சேர்க்கலாம்.

மறந்துபோன பழைய வங்கிக் கணக்கு இருக்கிறதா என்பதையும் தேடிவிடுங்கள். பத்து ஆண்டுகள் தொடாத கணக்கின் பணம் ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் தனி நிதிக்குப் போய்விடும், ஆனால் உரிமை போகாது. ரிசர்வ் வங்கியின் ‘உத்கம்’ இணையதளத்தில் பெயரைக் கொடுத்துத் தேடலாம்.

2. ஒரு வருடச் செலவை எழுதுங்கள்

ஒரு மாதச் செலவை எழுதிப் பன்னிரண்டால் பெருக்குவது இங்கே எல்லோரும் செய்யும் தவறு. ஆடியிலோ மார்கழியிலோ எழுதினால் முகூர்த்தமே இல்லாத மாதம்; செலவு குறைவாகத் தெரியும். தையிலோ ஆவணியிலோ எழுதினால் மலைத்துப்போவீர்கள்.

எனவே நோட்டில் மூன்று பக்கங்களாகப் பிரித்து எழுதுங்கள். முதல் பக்கத்தில் மாதாமாதம் வருபவை: மளிகை, பால், காய்கறி, வாடகை, கைபேசி, மருந்து. இரண்டாவது பக்கத்தில் வருடத்துக்குச் சில முறை வருபவை: தீபாவளி, பொங்கல், சித்திரைத் திருவிழா, குலதெய்வக் கோயில் பயணம், சொத்து வரி, வீட்டுக்குச் சுண்ணாம்பு, வண்டிப் பழுது, பள்ளி அல்லது கல்லூரிக் கட்டணம்.

மூன்றாவது பக்கம் செய்முறைக்கு மட்டும், அதாவது சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களில் நாம் செய்யும் சீருக்கும் மொய்க்கும். உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கம் போனால் ஒரு குடும்பத்தின் ஆண்டுச் செலவில் பெரிய வரியாக இதுவே நிற்கிறது. தாய்மாமன் சீர், காதுகுத்து, பூப்பு நன்னீராட்டு, வீடு குடிபுகுதல் எல்லாம் இதில் வரும். மொய் நோட்டைத் திறந்து, நமக்கு வந்ததில் இன்னும் திருப்பிச் செய்யாதவற்றைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். அவை கடன். தேதி எழுதாத கடன் என்பதால்தான் யாரும் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

நாம் செய்துவிட்டு இன்னும் நமக்குத் திரும்பி வராத மொய்யை ஓய்வுக்காலச் சொத்தாக எண்ணக்கூடாது. அதை வாங்க ஒரு விசேஷம் வைக்க வேண்டும். மண்டப வாடகைக்கும் பந்திக்கும் போக மிஞ்சுவது எவ்வளவு என்று முன்கூட்டியே சொல்ல முடியாது.

மூன்று பக்கங்களையும் கூட்டி, 60 வயதில் நின்றுபோகும் செலவுகளைக் கழியுங்கள்: பிள்ளைகளின் படிப்பு, வேலைக்குப் போகும் பஸ் அல்லது பெட்ரோல், வீட்டுக்கடன் தவணை. மருந்துச் செலவை மட்டும் இரண்டு மடங்காக்குங்கள். வரும் தொகையைப் பன்னிரண்டால் வகுத்தால் உங்கள் ஓய்வுக்கால மாதச் செலவு, இன்றைய விலையில், கிடைத்துவிடும். ஆறாவது படிக்கு இந்த ஒரு எண் போதும்.

3. வட்டி கட்டுவதை முதலில் நிறுத்துங்கள்

மூன்று ரூபாய் வட்டி என்றால் நூற்றுக்கு மாதம் மூன்று. ஆண்டுக்கு 36 சதவீதம். ஐந்து ரூபாய் வட்டி 60 சதவீதம். எந்த அஞ்சலகத் திட்டமும் எந்த வங்கியும் இதில் நான்கில் ஒரு பங்குகூடத் தராது. ஒரு கையால் மூன்று வட்டி கட்டிக்கொண்டு மறு கையால் சேமிப்பது தேய்மானம்தான்.

தண்டல் வாங்கும் கடைக்காரர்கள் அதன் வட்டியை உணர்வதே இல்லை. 9,000 ரூபாய் கையில் வாங்கி, தினம் 100 ரூபாயாக நூறு நாளில் 10,000 கட்டுவதை "ஆயிரம் ரூபாய்தானே" என்பார்கள். முதல் நாளிலிருந்தே அசல் திரும்பிப் போய்க்கொண்டிருக்கிறது, அந்த 9,000 நூறு நாளும் உங்கள் கையில் இருப்பதில்லை. அதைச் சேர்த்துப் பார்த்தால் ஆண்டு வட்டி ஏறத்தாழ 78 சதவீதம்.

அடைக்கும் வரிசை: கந்துவட்டியும் தண்டலும் முதலில், அடுத்து கடன் அட்டை, அதன்பின் தனிநபர் கடன், பிறகு நகைக்கடன், கடைசியாக வீட்டுக்கடன். சில குடும்பங்களில் வீட்டில் சும்மா இருக்கும் நகையை வங்கியில் அடகு வைத்துக் கந்துவட்டியை அடைப்பதே சரியான முதல் வேலையாக இருக்கும். நகையின் மேல் உள்ள பாசம் புரிகிறது. ஆனால் அலமாரியில் நகையும் வாசலில் வட்டிக்காரரும் இருப்பது எந்த வகையிலும் நியாயமான கணக்கு இல்லை.

மிரட்டி வசூலிக்கிறார்கள் என்றால் அஞ்ச வேண்டாம். தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டின் அதீத வட்டி வசூலிப்புத் தடைச் சட்டம் இருக்கிறது. காவல் நிலையத்தில் புகார் தரலாம்.

நகைக்கடனில் இன்னொரு பழக்கம்: வருடா வருடம் வட்டியை மட்டும் கட்டி, மறுஅடகு வைத்துக்கொண்டே போவது. அசலில் மாதம் ஆயிரமாவது குறைத்துக்கொண்டு வாருங்கள். 60 வயதைத் தாண்டி எந்தக் கடனையும் கொண்டுபோகக்கூடாது என்பதே இந்தப் படியின் எல்லைக்கோடு.

4. மருத்துவச் செலவுக்குத் தனி ஏற்பாடு

ஆறு மாத வீட்டுச் செலவை வங்கியில், உடனே எடுக்கும்படி வைத்துவிடுங்கள். இது வருமானம் தராது, தர வேண்டியதும் இல்லை. நீண்டகாலச் சேமிப்பைப் பாதியில் உடைக்காமல் காப்பதுதான் இதன் வேலை.

குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். வருமானச் சான்றிதழும் குடும்ப அட்டையும் கொண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள மையத்தில் பதியலாம். 70 வயதைத் தாண்டியவர்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் 5 லட்சம் ரூபாய் காப்பு 2024 அக்டோபர் முதல் கிடைக்கிறது. உங்கள் பெற்றோருக்கு அந்த அட்டை எடுத்துவிட்டீர்களா? இல்லையென்றால் இந்த வழிகாட்டியை ஓரமாக வைத்துவிட்டு அதை முதலில் முடியுங்கள்.

இந்த இரண்டுக்கும் இடையில் சிக்கிக்கொள்பவர்கள்தான் அதிகம்: வருமானம் வரம்பைத் தாண்டியவர்கள், வயது 70 ஆகாதவர்கள். இவர்கள் தனியார் காப்பீடு எடுக்க வேண்டும், அதையும் 50 வயதுக்குள். ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் மூன்று ஆண்டுகள் வரை இருக்கலாம் என்பதால், சர்க்கரை வந்தபின் எடுத்தாலும் காலம் போகப் போகப் பயன் தரும். விண்ணப்பத்தில் சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் மறைக்காதீர்கள். முகவர் "எழுத வேண்டாம், பார்த்துக்கொள்ளலாம்" என்றால் வேறு முகவரிடம் போங்கள். பணம் மறுக்கப்படும் நாளில் அவர் வந்து நிற்க மாட்டார்.

5. ஏற்கெனவே உங்களுக்கு உரிய ஓய்வூதியத்தைத் தேடுங்கள்

புதிதாக எதிலும் சேர்வதற்கு முன், இருப்பதை எடுக்க வேண்டும்.

அ) பி.எஃப். பிடித்தம் இருந்தவர்கள்

அடிப்படைச் சம்பளத்தில் உங்களிடம் 12 சதவீதம் பிடிக்கிறார்கள். நிறுவனமும் 12 சதவீதம் போடுகிறது. நிறுவனத்தின் பங்கில் 8.33 சதவீதம் ஓய்வூதியத் திட்டத்துக்குப் போகிறது. பெரும்பாலானவர்களுக்கு இது 15,000 ரூபாய்ச் சம்பள வரம்பின் மேல் கணக்கிடப்படும், அதாவது மாதம் 1,250 ரூபாய் வரை. புத்தகத்தில் வட்டியோடு வளரும் தொகை வேறு, இந்த ஓய்வூதியம் வேறு. இரண்டும் ஒன்று என்று நினைப்பதால்தான் பல தவறுகள் நடக்கின்றன.

ஓய்வூதியக் கணக்கு எளிது. கடைசி 60 மாதச் சராசரிச் சம்பளத்தை (அதிகபட்சம் 15,000) சேவை ஆண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். 14 ஆண்டு வேலை பார்த்தவருக்கு 15,000 × 14 ÷ 70 = மாதம் 3,000 ரூபாய், 58 வயதிலிருந்து ஆயுள் முழுவதும். இறந்தபின் துணைக்கும் உண்டு.

இதற்குக் குறைந்தது 10 ஆண்டுச் சேவை வேண்டும். கப்பலூரிலும் நகரத்து மில்களிலும் வேலையை மாற்றும் ஒவ்வொரு முறையும் பணத்தை எடுத்துக்கொள்கிறவர்கள் இங்கேதான் இழக்கிறார்கள். ஓர் இடத்தில் ஆறு ஆண்டு, இன்னோர் இடத்தில் ஏழு ஆண்டு என்றால் மொத்தம் 13, ஓய்வூதியம் உண்டு. முதல் ஆறு ஆண்டுக்கான ஓய்வூதியப் பணத்தையும் எடுத்துவிட்டால் அந்தச் சேவை அழிந்துவிடும். மிஞ்சுவது ஏழு, ஓய்வூதியம் இல்லை. வேலையை விடும்போது பணத்துக்குப் பதிலாக, 10சி படிவத்தில் திட்டச் சான்றிதழ் கேளுங்கள். பழைய சேவையைப் புது வேலையோடு இணைப்பதற்கு அதுவே ஆதாரம்.

முதலில் செய்ய வேண்டியது: பதிவு செய்த கைபேசியிலிருந்து 9966044425 என்ற எண்ணுக்கு ஒரு மிஸ்டு கால். இருப்பு குறுஞ்செய்தியாக வரும். மத்திய அரசின் ‘உமங்’ செயலியில் முழுப் புத்தகத்தையும் பார்க்கலாம். இரண்டு மூன்று எண்கள் இருந்தால் எல்லாவற்றையும் ஒரே யு.ஏ.என். எண்ணின் (வேலை மாறினாலும் மாறாத பொது பி.எஃப். எண்) கீழ் கொண்டுவர வேண்டும். இணையத்தில் முடியாவிட்டால் மதுரை லேடி டோக் கல்லூரிச் சாலையில் உள்ள மண்டல அலுவலகத்துக்கு எல்லாச் சம்பளச் சீட்டுகளோடும் நேரில் போங்கள். வேலையில் சேர்ந்த தேதி, விட்ட தேதி இரண்டையும் ஒரு தாளில் வரிசையாக எழுதிக்கொண்டு போனால் அங்கே பேச்சு சுருங்கும்.

ஆ) பி.எஃப். இல்லாத தொழிலாளர்கள்

கட்டுமானம், கைத்தறி, தையல், ஆட்டோ, சாலையோர வியாபாரம் ஆகிய தொழில்களுக்குத் தமிழ்நாட்டில் தனித்தனி நல வாரியங்கள் இருக்கின்றன. 60 வயதுக்கு முன் பதிவு செய்து, ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பித்து வந்தால் 60-க்குப் பின் மாத ஓய்வூதியம் கோரலாம். அட்டை வாங்கிவிட்டுப் புதுப்பிக்காமல் விடுவதே இதில் வழக்கமான தவறு. அட்டையின் பின்பக்கத் தேதியை இன்றே பாருங்கள்.

இ) 40 வயதுக்குள் இருப்பவர்கள்

அடல் ஓய்வூதியத் திட்டத்தில் 18 முதல் 40 வயது வரை சேரலாம். வருமான வரி செலுத்துபவராக இருக்கக்கூடாது. 60-க்குப் பின் மாதம் 5,000 ரூபாய் வேண்டுமென்றால் 30 வயதில் சேர்பவர் மாதம் 577 ரூபாயும், 40 வயதில் சேர்பவர் 1,454 ரூபாயும் கட்ட வேண்டும். சேமிப்புக் கணக்கு இருக்கும் வங்கியிலோ அஞ்சலகத்திலோ சேரலாம்.

நல்ல திட்டம்தான். ஆனால் இதை மட்டும் நம்பி நிற்பதை நான் ஏற்கவில்லை. 5,000 என்பது முப்பது வருடம் கழித்தும் அதே 5,000. விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால் இன்று 30 வயதில் இருப்பவர் 60 வயதில் வாங்கும் 5,000 ரூபாய்க்கு இன்றைய மதிப்பு ஏறத்தாழ 870 ரூபாய். பி.எஃப். ஓய்வூதியமும் இப்படித்தான், விலைவாசியோடு தானாக உயராது.

ஆதரவற்ற முதியோருக்குத் தமிழக அரசு மாதம் 1,200 ரூபாய் தருகிறது. இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். தகுதி உள்ள பெரியவர்கள் அக்கம்பக்கத்தில் இருந்தால் அழைத்துப்போய்ப் பதிந்துவிடுங்கள்.

6. எவ்வளவு வேண்டும் என்ற கணக்கு

இணையத்தில் உள்ள கணிப்பான்கள் கோடிகளில் ஓர் எண்ணைக் காட்டிப் பயமுறுத்துகின்றன. அதைப் பார்த்ததும் பாதிப் பேர் இந்த முயற்சியையே கைவிடுகிறார்கள். இன்றைய விலையிலேயே கணக்குப் போடுங்கள், எளிதாக இருக்கும். அதற்கு ஒரே நிபந்தனை: சேமிப்பு குறைந்தது விலைவாசி அளவுக்காவது வளர வேண்டும், மாதச் சேமிப்பையும் ஒவ்வொரு வருடமும் விலைவாசியை ஒட்டி உயர்த்த வேண்டும்.

ஓர் உதாரணம். வயது 48, சொந்தக் கடை, சொந்த வீடு. இரண்டாம் படியில் கிடைத்த மாதச் செலவு 18,000 ரூபாய். மாடி வீட்டு வாடகை 5,000 வருகிறது. அது விலைவாசியோடு ஓரளவு ஏறும் என்பதால் கழித்துக்கொள்ளலாம். குறைவது மாதம் 13,000, ஆண்டுக்கு 1,56,000.

60 வயதில் கடையை விட்டுவிட்டு 85 வயது வரை, அதாவது 25 ஆண்டுகளுக்கு: 39 லட்சம். ஏற்கெனவே 9 லட்சம் இருக்கிறது. சேர்க்க வேண்டியது 30 லட்சம், 12 ஆண்டுகளில். மாதம் 20,800 ரூபாய்க்கு மேல். இந்த இடத்தில் எல்லோர் முகமும் வாடிவிடும்.

இப்போது 60 என்ற இடத்தில் 65 போடுங்கள். செலவழிக்க வேண்டிய ஆண்டுகள் 20 ஆகின்றன, தேவை 31,20,000. கையில் உள்ள 9 லட்சம் போக 22,20,000. சேர்க்க 17 ஆண்டுகள் இருக்கின்றன. மாதம் 10,900 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. ஐந்து வருடம் கூடுதலாகக் கடையில் உட்கார்ந்தால் மாதச் சுமை ஏறத்தாழப் பாதியாகிறது, ஏனென்றால் சேர்க்கும் காலம் கூடும்போதே செலவழிக்கும் காலம் குறைகிறது. எந்த முதலீட்டு ஆலோசகரும் இந்த அளவுக்கு வித்தியாசத்தைக் கொண்டுவர முடியாது.

முழுநேரம் நிற்க உடம்பு இடம் தராவிட்டால் அரைநேர வேலையையும் கணக்கில் சேர்க்கலாம். 60 முதல் 65 வரை மாதம் 8,000 வந்தாலே அந்த ஐந்து ஆண்டில் 4,80,000 ரூபாய் தேவை குறைகிறது. எனவே உடம்பு நலமாக இருக்கும்போதே, உட்கார்ந்து செய்யக்கூடிய வேலை ஒன்றைப் பழகிவைப்பதும் இந்தப் படியைச் சேர்ந்ததுதான்.

இந்தக் கணக்கில் அடிக்கடி நடக்கும் பிழைகள் இரண்டு. குடியிருக்கும் வீட்டின் மதிப்பைச் சேமிப்பில் சேர்ப்பது. குடியிருக்கும் வீடு மாத வருமானம் தராது, சேர்க்காதீர்கள். மகளுக்கு என்று வைத்த நகையை உங்கள் சேமிப்பாக எண்ணுவது. அது போகப்போகும் நகை.

7. மாதச் சேமிப்பை எங்கே வைப்பது

முதல் இடம் அஞ்சலகத்திலோ வங்கியிலோ பொது வருங்கால வைப்பு நிதி, எல்லோரும் பி.பி.எஃப். என்று சொல்வது. ஆண்டுக்குக் குறைந்தது 500, அதிகபட்சம் 1,50,000 ரூபாய். 15 ஆண்டு, பின் ஐந்தைந்து ஆண்டாக நீட்டிக்கலாம். 2020 ஏப்ரலில் 7.1 சதவீதமாக நிர்ணயிக்கப்பட்ட வட்டி 2025-இலும் அதேதான். வட்டிக்கு வரி இல்லை. மாதத்தின் ஐந்தாம் தேதிக்குள் பணம் போடுங்கள். ஐந்தாம் தேதிக்கும் மாதக் கடைசிக்கும் இடையில் இருக்கும் குறைந்த இருப்புக்குத்தான் வட்டி. ஆறாம் தேதி போட்டால் அந்த மாதத்துக்குக் கிடையாது.

வணிகர்களுக்கு இதில் இன்னொரு பாதுகாப்பு இருக்கிறது. கடை நொடித்துக் கடன்காரர்கள் நீதிமன்றம் போனாலும் அந்தத் தீர்ப்பைக் கொண்டு பி.பி.எஃப். இருப்பைப் பறிமுதல் செய்ய முடியாது. கடைப் பணமும் வீட்டுப் பணமும் ஒரே கல்லாவில் கிடப்பவர்களுக்கு இந்த ஒரு காரணமே போதும்.

பத்து ஆண்டுக்கு மேல் காலம் இருப்பவர்கள் ஒரு பகுதியை, மூன்றில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம், பங்குச் சந்தைக் குறியீட்டு நிதியில் (குறியீட்டில் உள்ள பங்குகளை அதே விகிதத்தில் வாங்கி வைக்கும் நிதி) மாதத் தவணையாகப் போடலாம். இறங்கும் வருடங்களில் விற்காமல் இருக்க முடியாதவர்கள் இதைத் தொட வேண்டாம். பி.பி.எஃப்.-பில் மட்டும் போட்டாலும் குறையில்லை. மாதத் தொகையைத்தான் கொஞ்சம் கூட்ட வேண்டியிருக்கும்.

தங்கத்தைப் பற்றிக் கேட்காதவர்கள் இல்லை. நகையாக வாங்கும்போது செய்கூலியும் சேதாரமும் அன்றே போய்விடுகின்றன; விற்கும்போது அவை திரும்ப வருவதில்லை. சேமிப்புக்கென்றால் நாணயமாக வாங்குங்கள், நகையாக வேண்டாம்.

ஏலச்சீட்டு இரண்டு மூன்று ஆண்டுத் தேவைக்குச் சரி, ஓய்வுக்காலத்துக்கு ஏற்றதில்லை. 1982ஆம் ஆண்டின் சிட் பண்ட் சட்டப்படி பதிவான சீட்டா என்று பார்த்துச் சேருங்கள். தெருவில் தெரிந்தவர் நடத்துகிறார் என்பது பதிவு ஆகாது.

எதில் போடக்கூடாது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. "லட்சத்துக்கு மாதம் இரண்டாயிரம்", "நிலமும் எழுதித் தருகிறோம், மாதாமாதம் வட்டியும் தருகிறோம்" என்ற பேச்சு நம் மாவட்டத்தில் நிற்கவே இல்லை. முதல் சில மாதம் ஒழுங்காக வரும். அதைப் பார்த்துச் சொந்தக்காரர்களையும் சேர்த்துவிடுகிறோம். பிறகு அலுவலகம் பூட்டியிருக்கும். அப்படி யாராவது வந்தால், பொதுமக்களிடம் டெபாசிட் வாங்க அனுமதி இருக்கிறதா என்று ரிசர்வ் வங்கியின் ‘சசேத்’ இணையதளத்தில் பாருங்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு வீட்டிலேயே இருக்காதீர்கள். 1997ஆம் ஆண்டின் தமிழ்நாடு முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்ப் பொருளாதாரக் குற்றப் பிரிவு வழக்குப் பதிந்து சொத்துகளை முடக்கும். அதற்கான சிறப்பு நீதிமன்றம் மதுரையிலேயே இருக்கிறது. ரசீது, வங்கிப் பரிவர்த்தனை விவரம், ஒப்பந்தத் தாள் மூன்றையும் கொண்டு போங்கள்.

8. 60 வயதில் மொத்தத் தொகையை மாத வருமானமாக்குவது

பணம் மொத்தமாகக் கைக்கு வரும் முதல் மூன்று மாதம்தான் ஆபத்தான காலம். மகனின் தொழில், மருமகனின் வண்டி, தம்பியின் வீட்டுமனை எல்லாம் அப்போதுதான் வந்து கேட்கும். தொகை வருவதற்கு முன்பே எங்கே போடப்போகிறோம் என்பதை எழுதி வைத்துவிடுங்கள். "போட்டாயிற்று" என்று சொல்வது "தர முடியாது" என்று சொல்வதைவிட எளிது.

முதலில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம். 60 வயது நிறைந்தவர் ஒருவர் 30 லட்சம் ரூபாய் வரை போடலாம். கணவன், மனைவி இருவருக்கும் 60 ஆகியிருந்தால் தனித்தனியாக. 2025-இல் வட்டி 8.2 சதவீதம், மூன்று மாதத்துக்கு ஒரு முறை கிடைக்கும். 10 லட்சத்துக்குக் காலாண்டுக்கு 20,500 ரூபாய். போட்ட நாளின் வட்டி விகிதம் ஐந்தாண்டு வரை மாறாது.

அடுத்து அஞ்சலக மாத வருமானத் திட்டம்: தனியாக 9 லட்சம், கூட்டாக 15 லட்சம் வரை, 2025-இல் 7.4 சதவீதம். 9 லட்சத்துக்கு மாதம் 5,550 ரூபாய்.

மீதியை வங்கி வைப்பில் போடும்போது ஒரே வங்கியில் 5 லட்சத்துக்கு மேல் வைக்காதீர்கள். வங்கி முடங்கினால் வட்டியும் அசலும் சேர்த்து அந்த அளவுக்குத்தான் காப்பீடு.

வருகிற வட்டி முழுவதையும் செலவழித்துவிடக்கூடாது. முதல் பத்து ஆண்டுகளில் வட்டியில் ஒரு பகுதியை மறுபடி போட்டால்தான் 75 வயதின் விலைவாசியைத் தாங்க முடியும்.

பி.எஃப். ஓய்வூதியத்துக்கு 10டி படிவம் தர வேண்டும். அது தானாகத் தொடங்காது. தொடங்கியபின் ஆண்டுக்கு ஒரு முறை உயிர்வாழ் சான்று. கைபேசியில் முகத்தைக் காட்டியே அதைப் பதியலாம். தபால்காரர் வீட்டுக்கு வந்தும் எடுத்துத் தருவார். கொடுத்த நாளிலிருந்து 12 மாதம் செல்லும். அந்தத் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். தவறினால் ஓய்வூதியம் நின்றுவிடும்.

9. வீட்டை எழுதிக்கொடுக்கும் முன்

மேலே சொன்ன எல்லாவற்றையும் சரியாகச் செய்தவர்கள்கூட இந்த ஒரு கையெழுத்தில் தடுமாறுகிறார்கள். பிள்ளைகள் கேட்கிறார்கள் என்று உயிரோடு இருக்கும்போதே வீட்டைத் தான செட்டில்மென்ட் எழுதிப் பதிந்துவிட்டால் அன்றே உரிமை போய்விடுகிறது; மனம் மாறினால் தனியாகப் போய் ரத்து செய்ய முடியாது. உயில் அப்படி இல்லை. உயிரோடு இருக்கும்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். இரண்டு சாட்சிகள் வேண்டும். பதிவு கட்டாயம் இல்லை என்றாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவைப்பதே நல்லது. என் கருத்தில் பெரும்பாலான குடும்பங்களுக்கு உயிலே போதும்.

செட்டில்மென்ட் எழுதியே ஆக வேண்டிய நிலை என்றால் இரண்டு வாசகங்கள் பத்திரத்தில் இருக்க வேண்டும். கணவன், மனைவி இருவரின் வாழ்நாள் முழுவதும் அந்த வீட்டில் குடியிருக்கவும் வாடகை வாங்கவும் உரிமை உண்டு என்பது ஒன்று. பெற்றோரைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையின் பேரில்தான் இந்தச் சொத்து தரப்படுகிறது என்பது மற்றொன்று. 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டத்தின் 23ஆம் பிரிவு அந்த நிபந்தனையை வைத்தே வேலை செய்கிறது: பராமரிக்கத் தவறினால் பத்திரத்தைச் செல்லாது என்று அறிவிக்கக் கேட்கலாம். நிபந்தனை எழுதப்படாத பத்திரத்தில் அதை நிரூபிப்பது கடினம்.

மனுவைக் கோட்டாட்சியர் அலுவலகத்தில் தர வேண்டும். இந்தச் சட்டத்தின் கீழ் மனுவை விசாரிக்கும் தீர்ப்பாயத்துக்கு அவர்தான் தலைவர். பத்திர நகல், ஆதார், மருத்துவச் செலவு ரசீதுகள் ஆகியவற்றை இணைத்து வெள்ளைத்தாளில் நீங்களே எழுதிக் கொடுக்கலாம். எப்படி எழுதுவது, எங்கே போவது என்று தெரியாத மூத்த குடிமக்கள் 14567 என்ற இலவச உதவி எண்ணில் கேட்கலாம்.